கொழும்புக்கு கியர் கார் வாங்குகிறீர்களா? மாலை ஆறு மணிக்கு ஓட்டிப் பாருங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, வத்தளையிலிருந்து ஒரு தம்பி பழைய ஹொண்டா சிவிக் ஒன்றைக் கொண்டுவந்து கொட்டாஞ்சேனையில் உள்ள என் கராஜ் வாசலில் நிறுத்தினார். ஈகே3 மொடல், 1500 சிசி, கையால் கியர் மாற்றும் கியர் கார். பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் இறங்கும்போதே இடது முழங்காலைத் தடவிக்கொண்டுதான் இறங்கினார்.

"அண்ணா, கார்ல ஒரு பிழையும் இல்ல. எனக்குத்தான் கால் நோகுது. கோட்டைக்குப் போய் வாறதுக்குள்ள விட்டுப்போகுது."

ஏறி உட்கார்ந்து கிளச்சை மிதித்துப் பார்த்தேன். என் காலுக்கே பாரமாக இருந்தது. மெல்ல விட்டால் கடைசிவரை ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று பிடித்துக் கார் முன்னால் பாயும். முன்பு வைத்திருந்தவர் பந்தயத்துக்கு ஓட்டுகிறவர்கள் போடும் கிளச்சைப் போட்டிருக்கிறார். தம்பி அதை வாங்கும்முன் ஓட்டிப் பார்த்தது ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வெறும் வீதியில். அப்போது அது நன்றாகத்தான் இருந்திருக்கும். திங்கள் மாலை ஆறு மணிக்கு பேலியகொடையில் அது வேறு கார்.

கியர் காரில் ஆசை உள்ளவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். நானும் இன்றுவரை கியர் கார்தான் ஓட்டுகிறேன். ஆனால் வாங்க வருகிறவர்கள் கேட்பதெல்லாம் எத்தனை குதிரைவலு, ஆறாம் கியர் இருக்கிறதா, டர்போவா என்பதுதான். கொழும்பில் தினமும் ஓட்டுகிறவருக்கு இவை கடைசியாகப் பார்க்க வேண்டியவை. முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: கிளச் பெடலும் இரண்டாம் கியரும்.

ஏன் என்று சொல்கிறேன். ஊருக்குள் கார்களுக்கு வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். அந்த 50ஐத் தொடுவதற்கே காலி வீதியில் அதிர்ஷ்டம் வேண்டும். சாதாரண 1200, 1300 சிசி காரில் இரண்டாம் கியரில் மணிக்கு 10 கிலோமீற்றரில் போனால் எஞ்சின் ஏறக்குறைய ஐட்லிங்கில்தான், அதாவது அக்சிலேட்டரை மிதிக்காதபோது சுற்றும் வேகத்தில்தான் சுற்றும். அதே கியரில் 50ஐயும் தாண்டிப் போகலாம். அதாவது நகரத்துக்குள் உங்கள் ஓட்டம் முழுவதும் இந்த ஒரு கியரிலும், அதற்கு அடுத்ததிலும்தான். அந்த இடத்தில் கார் உங்களோடு ஒத்துப்போனால் தினமும் வேலைக்குப் போவதே ஒரு சுகம். ஒத்துப்போகாவிட்டால் 200 குதிரைவலு இருந்தும் பயனில்லை.

ஆகவே ஓட்டிப் பார்க்கப் போனால் இதைச் செய்யுங்கள். இரண்டாம் கியரில் போட்டு, கார் ஊர்ந்து போகும் அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள். கிளச்சிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டு அக்சிலேட்டரை மெதுவாக, மிக மெதுவாக மிதியுங்கள். நல்ல கார் முனகாமல், குலுங்காமல் இழுத்துக்கொண்டு போகும். வண்டி முன்னும் பின்னும் ஆடினால், ஒன்றில் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்டிங் போயிருக்கும், இல்லாவிட்டால் அந்த எஞ்சினுக்குக் குறைந்த சுற்றில் பலம் இல்லை. முதலாவதைத் திருத்தலாம். இரண்டாவதைத் திருத்த முடியாது. அப்படிப்பட்ட காரில் ஒவ்வொரு சந்தியிலும் முதலாம் கியருக்கு இறங்க வேண்டிவரும்.

இதை மாலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைச் சந்திவரை ஓட்டிப் பாருங்கள். விற்கிறவர் "அந்த நேரம் சரியான ட்ரபிக், காலையில வாங்க" என்பார். ட்ரபிக்குக்குத்தானே கார் வாங்குகிறோம்? எத்தனை முறை கிளச் மிதிக்கிறீர்கள் என்று எண்ணத் தொடங்குங்கள். நீங்களே எண்ணுவதை விட்டுவிடுவீர்கள், அவ்வளவு வரும்.

உட்காரும் விதத்தைப் பற்றி யாருமே கேட்பதில்லை. கிளச்சை அடிமட்டும் மிதித்த நிலையில் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். கால் நேராக நீண்டுவிட்டால் சீற்றை முன்னால் இழுங்கள். இழுத்த பிறகு முழங்கால் ஸ்டியரிங்குக்குக் கீழே முட்டுகிறதா பாருங்கள். முட்டினால், எவ்வளவு பிடித்த காராக இருந்தாலும் அது உங்கள் உடம்புக்கு அளந்த கார் இல்லை. மிதிக்காத நேரத்தில் இடது காலை வைக்க கிளச்சுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள்: ரப்பர் செருப்போடு கியர் கார் ஓட்டாதீர்கள். மழை நாளில் நனைந்த செருப்பு பெடலிலிருந்து வழுக்கிப்போய்க் கார் முன்னால் பாய்ந்ததால் உடைந்த பம்பர்கள் என்னிடம் வந்திருக்கின்றன. பம்பரோடு போனது நல்ல காலம்.

கிளச் தேய்ந்திருக்கிறதா என்று அறிவது கடினமில்லை. ஆளில்லாத சிறிய ஏற்றத்தில் நாலாம் கியரில் 40இல் போய் அக்சிலேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் கூடி, வேகம் கூடாவிட்டால் கிளச் பிளேட் வழுக்குகிறது. நியூட்ரலில் நிறுத்திக் காதைத் தீட்டுங்கள். பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் கிளச்சை விடுவிக்கும் ரிலீஸ் பெயரிங். மிதிக்காதபோது உறுமல் கேட்டு, மிதித்ததும் நின்றால் அது கியர்பொக்ஸுக்குள் இருக்கும் பெயரிங், செலவு பெரிது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது 'கர்ர்' என்றால் இரண்டாம் கியரின் சின்க்ரோ (கியர் விழும்போது வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) தேய்ந்திருக்கிறது. நகரத்தில் ஓடிய காருக்கு முதலில் தேய்வதும் அதுதான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நீங்கள் போகும்முன்னே காரை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கிளச் மாற்ற வேண்டியிருந்தால் அதற்காகக் காரை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. அந்தச் செலவை விலையில் குறையுங்கள். மாற்றும்போது பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கியர்பொக்ஸை இறக்கும் கூலி ஒன்றுதான். பெயரிங்கை விட்டுவிட்டு ஆறு மாதத்தில் அதே கூலியை இரண்டாம் முறை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் பின்பக்க ஒயில் சீலையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

என்னிடம் வரும் ஒரு டீச்சரின் அல்டோ 800 பற்றிச் சொல்ல வேண்டும். 796 சிசி எஞ்சின், மூன்று சிலிண்டர். வெள்ளவத்தையிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் போய்வருகிறார். 90,000 கிலோமீற்றர் தாண்டியும் கார் வந்தபோது இருந்த அதே கிளச். போன வருடம் வேறு ஒரு வேலைக்காக கியர்பொக்ஸை இறக்கியபோது பிளேட்டைப் பார்த்தேன், இன்னும் பாதிக்கு மேல் கனம் இருந்தது. அதே வாரம் இன்னொருவரின் அதே மொடல் கார் வந்தது, 30,000கூட ஓடவில்லை. பிளேட்டின் லைனிங் முழுதும் போய், ஆணித் தலைகள், எஞ்சினோடு சுற்றும் இரும்புச் சில்லான ஃப்ளைவீலில் வட்டம் வட்டமாகக் கோடு கிழித்திருந்தன. இரும்பு சூட்டில் மயில் கழுத்து நிறமாக மாறியிருந்தது. கராஜ் முழுக்கக் கருகிய வாடை.

"டீச்சர், எப்படி ஓட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"அப்பா சொல்லித் தந்தது தம்பி. கியர் மாத்தினா கால் கீழ. நிண்டா நியூட்ரல், ஹேண்ட் பிரேக்."

அவ்வளவுதான் வித்தியாசம். மற்றவர் கிளச்சின் மேலேயே காலை வைத்திருக்கிறார். இராஜகிரிய மேம்பாலத்தில் ஏறும்போது நெரிசல் நின்றுவிட்டால், பிரேக்கை மிதிக்காமல் பாதிக் கிளச்சிலேயே காரைப் பிடித்து வைத்திருக்கிறார். அப்படிப் பிடிக்கும் ஒவ்வொரு நொடியும் பிளேட் உரசிச் சூடேறுகிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கிளச் பிடிக்கத் தொடங்கும் இடம் வந்ததும் பிரேக்கை விட்டால் கார் பின்னால் உருளாது, பிளேட்டும் பிழைக்கும்.

அந்த அல்டோவை ஓட்ட எனக்குப் பிடிக்கும். ஏறக்குறைய 700 கிலோ நிறை, கை அளவு ஸ்டியரிங், எந்தச் சந்திலும் திரும்பும். ஆனால் ஒன்றை மறைக்க முடியாது. 2014இல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கப்பட்ட அல்டோ 800இன் ஏர்பேக் இல்லாத மொடலை மோதவிட்டுப் பார்த்தபோது, பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. தனியாக நகரத்துக்குள் ஓட்டுகிறவர் அதை யோசித்து முடிவு செய்யட்டும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதிவேகப் பாதையில் போகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். டீச்சருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

என்னிடம் கேட்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு நான் சொல்லும் பதில் சாதாரண சுசுகி ஸ்விஃப்ட்தான். 1200 அல்லது 1300 சிசி, ஐந்து கியர். ஒரு தொன்னுக்குக் கீழே நிறை, நாலு கதவு, அம்மாவை ஏற்றி இறக்கச் சிரமமில்லை, வளைவில் கார் சொன்னபடி கேட்கும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), இரண்டு ஏர்பேக் இருப்பதைத் தேடி வாங்குங்கள். எயர்பேக் விளக்கு சாவி போட்டதும் எரிந்து அணைகிறதா என்று பாருங்கள், பல்பைக் கழற்றி வைத்திருப்பவர்களும் உண்டு. ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஆசை உள்ளவர்களுக்கு: 2017இல் வந்த ஜப்பான் மொடல் 1400 சிசி டர்போ, 140 குதிரைவலு, ஆறு கியர், நிறை 970 கிலோ. உண்மையிலேயே மனதைக் கவரும் கார். ஆனால் 95 பெற்றோல்தான் ஊற்ற வேண்டும், அகலமான டயர் என்பதால் சாதாரண ஸ்விஃப்டைப்போல் ஒரே வளைவில் திரும்பாது. வெள்ளவத்தை அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் பார்க் செய்கிறவருக்கு இது தினமும் வரும் தொல்லை.

கிளச்சையும் கியரையும் காரே இயக்கிக்கொள்ளும் ஏஜிஎஸ் பற்றியும் கேட்கிறார்கள். அதில் கிளச் பெடல் இல்லையே தவிர கிளச் இருக்கிறது, அதுவும் தேயும். கால் வலி இருக்காது, கியர் மாற்றும் சுகமும் இருக்காது.

பழைய காரில் இன்னும் சில விஷயங்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களையே ஒட்டி ஒட்டி ஓட்டினோம். 2022இல் பாகம் கிடைக்காமல் பழைய பிளேட்டுக்கே புது லைனிங் அடித்துப் போட்ட வண்டிகளை நானே கண்டிருக்கிறேன். ஆகவே மீற்றரில் உள்ள கிலோமீற்றரைவிட ரசீதுகளைக் கேளுங்கள். மரைன் டிரைவ் பக்கம் நின்ற கார் என்றால் கதவின் அடிப்பகுதி, பின் சில்லுக்கு மேலே உள்ள வளைவு, பொனட்டுக்குள் ஷொக் அப்சோபர் பூட்டும் இடம் ஆகியவற்றை விரலால் தட்டிப் பாருங்கள். உப்புக்காற்று அங்கேதான் தின்னும். களனி ஆற்றுப் பக்கத்துக் கார் என்றால் 2016 மே வெள்ளத்தையும் 2025 நவம்பர் டித்வா வெள்ளத்தையும் நினைவில் வையுங்கள். சீற் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். கழுவித் துடைத்தவர்கள்கூட அந்த நுனியில் உள்ள சேற்றுக் கறையை மறந்துவிடுவார்கள்.

வாங்க நினைக்கும் மொடலின் கிளச் செட் வாகனப் பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் உடனே கிடைக்குமா என்று இரண்டு கடையில் கேட்டுவிட்டு முற்பணம் கொடுங்கள். அரிதான கார் என்று பெருமைப்படுவது, அது கராஜில் மூன்று வாரம் பாகத்துக்காகக் காத்துக் கிடக்கும்வரைதான்.

விடுமுறைக்கு ஹட்டன், நுவரெலியா போகிறவர்களுக்கு கியர் காரின் அருமை தெரியும். றம்பொடையிலிருந்து இறங்கும்போது இரண்டாம், மூன்றாம் கியரில் போட்டுவிட்டால் எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் சூடேறிப் பெடல் கீழே போகும் பயம் இல்லை. நியூட்ரலில் உருட்டினால் பெற்றோல் மிச்சம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்ஜெக்ஷன் கார்களில் கியரில் இறங்கும்போது பெற்றோல் போவதே நின்றுவிடும்.

வத்தளைத் தம்பியின் சிவிக்குக்கு சாதாரண கிளச் செட்டையே திருப்பிப் போட்டோம். கழற்றிய பந்தயக் கிளச்சை அவர் ஒரு பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். இரண்டு கிழமை கழித்து ஒயில் மாற்ற வந்தபோது கால் எப்படி என்று கேட்டேன். முதலில் அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. பிறகுதான் முழங்காலைக் குனிந்து பார்த்தார்.