ஓடவில்லை என்றால் தொந்தரவு இல்லை என்று அர்த்தமா? திமிங்கலச் சுறாவும் நம் டைவ் படகுகளும்

மாலத்தீவில் அரி அட்டோல் என்ற வளையப் பவளத் தீவுக்கூட்டத்தின் தெற்கு விளிம்பில் ஆறு வருடம் டைவ் வழிகாட்டியாக வேலை பார்த்திருக்கிறேன். திமிங்கலச் சுறாவைப் பார்க்கப் படகேறும் விருந்தினர்கள் பெரும்பாலும் கேட்பது "கடிக்குமா?" என்றுதான். கோயம்புத்தூரிலிருந்து மகள் குடும்பத்தோடு வந்திருந்த ஒரு அம்மா மட்டும் வேறு மாதிரி கேட்டார். "தம்பி, அது பாட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கு. நாம இத்தனை பேர் குதிச்சா அதுக்குத் தொந்தரவா இருக்காதா?"

"அதெல்லாம் இல்லம்மா. பிடிக்கலைன்னா அதுவே ஆழத்துக்குப் போயிடும்" என்றேன். படகுகளில் வழக்கமாகச் சொல்லும் பதில் அது. அவரும் நிம்மதியாக மாஸ்க்கை மாட்டிக்கொண்டார். நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்த ஆழத்துக்குப் போவதில் சுறாவுக்கு என்ன நஷ்டம் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அன்று எனக்கே அது சரியாகத் தெரியாது.

திமிங்கலச் சுறா மீன்தான், திமிங்கலம் கிடையாது. உலகின் மிகப் பெரிய மீன். மிதவை உயிர்களையும் சின்ன மீன்களையும் மீன் முட்டைகளையும் நீரோடு சேர்த்து வடிகட்டித் தின்கிறது. மாலத்தீவுக்காரர்கள் இதை ஃபெஹுரிஹி என்பார்கள். தெற்கு அரியில் வருடம் முழுக்கப் பார்க்கலாம். உலகில் இப்படிப்பட்ட இடங்கள் மிகக் குறைவு. இங்கே வருபவை பெரும்பாலும் பருவமடையாத ஆண் சுறாக்கள், எட்டு மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். டோனி என்ற மாலத்தீவுப் படகின் கூரையில் நின்றபடி பவளத்திட்டின் வெளி விளிம்பை ஒட்டிக் கருநிழல் ஏதாவது நகர்கிறதா என்று மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டே போவோம்.

அந்த நிழல் ஏன் மேலே வருகிறது? இதைத்தான் நான் முதலில் கற்றிருக்க வேண்டும்.

இந்த மீன் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் வரை இரை தேடி இறங்குகிறது. மெக்சிகோ வளைகுடாவில் கருவி பொருத்திய ஒரு சுறா 1,928 மீட்டர் வரை போனது பதிவாகியிருக்கிறது. அங்கே தண்ணீர் நடுங்கவைக்கும் குளிர். நம்மைப் போல் உடம்பின் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் பிராணி இல்லை இது. சுறாக்களுக்குக் கருவி மாட்டிப் பார்த்து 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, குளிரில் நெடுநேரம் இருந்துவிட்டு வந்த சுறாக்கள் மேல்மட்டத்திலும் அதற்கேற்ப நெடுநேரம் தங்குவதாகக் காட்டியது. இழந்த சூட்டை மீட்கவே மேலே கிடக்கின்றன என்பது அவர்கள் வந்த முடிவு. தெற்கு அரியின் வெதுவெதுப்பான நீரில் சோம்பலாக மிதந்து போகும் சுறாவும் அதைத்தான் செய்கிறது என்று ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள்.

மார்கழிக் காலையில் வெயில் காயலாம் என்று திண்ணைக்கு வந்து உட்கார்ந்த பெரியவரைக் கால் மணிக்கு ஒரு முறை எழுப்பி உள்ளே அனுப்பினால் எப்படியிருக்கும்? சத்தம் போட மாட்டார், எழுந்து உள்ளே போவார், கொஞ்சம் கழித்துத் திரும்பி வருவார். பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. வெயில் போய்விடும், அவ்வளவுதான்.

"பிடிக்கலைன்னா போயிடும்" என்ற பதிலில் எனக்கு இப்போது உறுத்துவது இதுதான். போவதே அதற்கு நஷ்டம்.

சரி, சுறா தொந்தரவை எப்படிக் காட்டும்? சத்தமோ சீற்றமோ இருக்காது. முதலில் கண். சின்னக் கண்தான், தலையின் ஓரத்தில் கோலிக்குண்டு போல இருக்கும். யாராவது மிக அருகில் போனால் அது உள்ளே இழுத்துக்கொள்ளும், அந்த இடம் வெளிறித் தெரியும். அடுத்து முதுகு. ஆளிருக்கும் பக்கமாக உடம்பைச் சாய்த்து, தடித்த முதுகுத் தோலை நம் பக்கம் திருப்பி, மென்மையான வயிற்றை மறைத்துக்கொள்ளும். "எனக்கு முதுகைக் காட்டிப் போஸ் கொடுத்துச்சு" என்று விருந்தினர்கள் குதூகலமாகச் சொல்வதைப் பல முறை கேட்டிருக்கிறேன். அது தற்காப்பு. இவை தவிர திடீரென்று திசை மாறுவது, உடம்பு ஒரு முறை சிலிர்ப்பது, வாலடி வேகமாவது என்று வேறு அறிகுறிகளும் உண்டு. இதெல்லாம் போதாதபோது தலையைக் கீழே சாய்த்து நீலத்துக்குள் இறங்கிவிடும்.

பிலிப்பைன்ஸின் டொன்சோலில் சுற்றுலாப் பயணிகளின் நடத்தையையும் சுறாவின் எதிர்வினையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வந்தது. வழியை மறிப்பதும் மிக நெருங்குவதும் சுறாவைத் திசை மாற வைக்கின்றன என்பது அதில் தெளிவாக இருந்தது. ஒருவர் பக்கவாட்டில் தள்ளி, அதே திசையில் அமைதியாக நீந்துவது ஒரு விஷயம். கோப்ரோ கேமராவை நீட்டிக்கொண்டு அதன் முகத்துக்கு எதிரே போய் நிற்பது முற்றிலும் வேறு விஷயம். இரண்டையும் "சுறாவோடு நீந்தினேன்" என்ற ஒரே வாக்கியத்தில்தான் சொல்கிறோம்.

ஒரு பிப்ரவரி மாதம். காற்று இல்லாத நாள், கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. ஒரே ஒரு சுறா, ஐந்து மீட்டர் இருக்கும். வானொலியில் செய்தி பரவி அரை மணிக்குள் பதினொரு படகுகள் வந்துவிட்டன. நான் என் குழுவோடு ஏற்கெனவே நீரில் இருந்தேன். தலையைத் தூக்கினால் எல்லாத் திசையிலும் கால்கள், ஃபின்கள், நுரை. ஒரு படகு சுறாவின் பாதைக்குக் குறுக்கே வந்து ஆட்களை அதன் தலைக்கு நேராக இறக்கிவிட்டது. சுறா சாய்ந்தது, வலப்பக்கம் திரும்பியது, அங்கேயும் ஆட்கள். மறுபடி திரும்பியது. பிறகு ஒரே மூழ்கல். நாற்பது நிமிடம் கழித்து சற்றுத் தள்ளி எழுந்தபோது எல்லாப் படகும் அங்கே ஓடின, என் படகும் சேர்த்துத்தான். விருந்தினர்கள் காசு கொடுத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். அன்று நான் படகைத் திருப்பச் சொல்லியிருக்கலாம். கேப்டன் கேட்டிருப்பார். இன்னும் அந்த நாளை நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது.

நீரில் இறங்கும் ஆளைவிட எனக்குப் பயம் படகின் ப்ரொப்பெல்லரைத்தான். தெற்கு அரியில் அடிக்கடி பார்க்கும் சுறாக்களின் முதுகுத் துடுப்பில் வெட்டு, தோளில் வரிவரியாகக் கீறல். ஒரு சுறாவுக்குத் துடுப்பின் மேல்பாதியே இல்லை. மாலத்தீவிலும் ஜிபூட்டியிலும் எடுத்த படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வின்படி, இவற்றின் கீறல் காயங்கள் சராசரியாக ஐந்து வாரத்தில் பெருமளவு மூடிவிடுகின்றன. வியக்கவைக்கும் ஆறும் திறன். ஆனால் இதைக் காட்டி "அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஆறிய காயத்தோடு இருக்கும் சுறாவை மட்டும்தான் நாம் பார்க்கிறோம். அடிபட்டு இறந்த சுறா மிதக்காது, கடலடிக்குப் போய்விடும், யாரும் கணக்கெடுக்க முடியாது. 2022இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வு ஒன்று, திமிங்கலச் சுறாக்கள் நடமாடும் கடற்பரப்பில் சுமார் 92 சதவீதம் பெரிய கப்பல்களின் போக்குவரத்தோடு மேற்பொருந்துவதாகக் காட்டியது. சரக்குக் கப்பலை நம்மால் தடுக்க முடியாமல் போகலாம். அதே மீனைப் பார்க்கவே போகும் படகு அதன்மேல் ஏறுவதை நிச்சயம் தடுக்கலாம்.

ஒழுங்காக நடத்தினால் பாதிப்பே இருக்காதா? இதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூவைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். உரிமம் பெற்ற படகுகள் மட்டும், ஒரு சுறாவைச் சுற்றி 250 மீட்டருக்குள் ஒரே படகு, நீரில் ஒரு நேரத்தில் 10 பேர், உடம்பிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர். தொடக் கூடாது, ஃபிளாஷ் கூடாது, சிலிண்டர் கட்டி இறங்கக் கூடாது. பல வருடப் பதிவுகளை அலசி 2015இல் வந்த ஆய்வில், சுற்றுலாப் பயணிகளை அதிகம் சந்தித்த சுறாக்கள் அங்கே திரும்பி வருவது குறைந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அப்புறம் அதே நிங்கலூவில் அசைவை அளக்கும் கருவிகளைச் சுறாக்களின் மேல் பொருத்திப் பார்த்தார்கள். ஆட்கள் கூட நீந்தும்போது அவை வழக்கத்தைவிட அதிகச் சக்தியைச் செலவழித்து நீந்துவது தெரியவந்தது. இத்தனை விதிகளோடும் அப்படி.

இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று நான் நினைக்கவில்லை. சுறா மறு வருடம் திரும்பி வரும், அதோடு நாம் அருகிலிருக்கும் நேரத்துக்கு ஒரு விலையும் கொடுக்கும். அந்த விலை ஒரு நாளைக்கு ஒரு முறையா, பதினொரு முறையா என்பது நம் கையில் இருக்கிறது.

பிலிப்பைன்ஸின் ஓஸ்லோப் பற்றி என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். மணிலாவுக்கும் செபூவுக்கும் மலிவு விமானம் கிடைப்பதால் நம்மவர்களும் அங்கே போகிறார்கள், "உறுதியாகப் பார்க்கலாம்" என்ற விளம்பரத்தோடு. உறுதியாகத்தான் பார்க்கலாம், காரணம் தீனி. தான்-அவான் மீனவர்கள் 2011 முதல் சிறு படகிலிருந்து குட்டி இறாலைக் கையால் போட்டுப் போட்டுச் சுறாக்களைக் காலையில் கரையோரம் நிறுத்திவைக்கிறார்கள். நெட்டுக்குத்தாக நின்று வாயைத் திறந்து காத்திருக்கும் சுறா, சுற்றிலும் மூங்கில் கட்டையைப் பிடித்தபடி உயிர்காப்பு அங்கியோடு வரிசையாக மனிதர்கள். நான் ஒரு முறை போய்ப் பார்த்தேன். நீரில் இறங்க மனசு வரவில்லை.

அந்த மீனவர்களை நான் குறை சொல்லத் துணியவில்லை. ஐந்து ஆண்டில் நுழைவுச்சீட்டு வழியாக மட்டும் சுமார் 1.8 கோடி டாலர் வந்ததாக ஓர் ஆய்வு சொல்கிறது. வலை வீசி அன்றாடம் கஞ்சி குடித்த குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் கடற்கரைக் குப்பங்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் கடலுக்குக் காவலும் போட்டார்கள். ஆனால் சுறாவின் பக்கம் நடந்தது வேறு. படகு என்றால் சாப்பாடு என்று அது கற்றுக்கொண்டது. அங்கே தங்கும் சுறாக்களில் பெரும்பாலானவற்றின் உடலில் தழும்புகள். நெடுந்தூரம் அலைய வேண்டிய மீன்களில் சில மாதக்கணக்கில் அங்கேயே சுற்றிவருகின்றன. கையிலிருந்து தின்னப் பழகிய சுறா அடுத்த தீவில் ஒரு மோட்டார் படகைப் பார்த்தாலும் விலகாமல் கிட்டே போகும். தீனி போடும் இடத்தின் பவளமும் பக்கத்துப் பகுதிகளைவிட மோசமாக இருப்பதாக 2019இல் எழுதினார்கள். என் கருத்தைக் கேட்டால், தீனி போட்டுக் காட்டும் எந்த இடத்துக்கும் போகாதீர்கள். டொன்சோல் அதே நாட்டில்தான் இருக்கிறது. அங்கே தீனி கிடையாது, ஒரு சுறாவுக்கு ஒரு படகு என்று விதி இருக்கிறது, சுறா வராத நாளும் இருக்கும்.

அப்படியென்றால் இந்தச் சுற்றுலாவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. மாலத்தீவில் 1995இல் தடை வரும் வரை வருடத்துக்கு இருபது முப்பது திமிங்கலச் சுறாக்களை ஈரல் எண்ணெய்க்காகக் கொன்றார்கள். மரப் படகின் பலகைகளுக்குப் பூச அந்த எண்ணெய் வேண்டியிருந்தது. 2009இல் தெற்கு அரியின் 42 சதுர கிலோமீட்டர் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. 2013இல் மட்டும் சுமார் 78,000 பேர் இங்கே சுறா பார்க்க வந்தார்கள், அதன் வருமானம் 94 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள். இந்த மீன் உயிரோடு இருப்பதில் திகுரா, மாமிகிலி போன்ற தீவுகளின் சாப்பாடு இருக்கிறது. 2016 முதல் உலக அளவில் அழியும் அபாயத்தில் உள்ள இனமாகப் பட்டியலில் இருக்கும் மீனுக்கு இது சாதாரணக் காவல் இல்லை.

விருந்தினர்கள் எடுக்கும் படங்களும் உதவுகின்றன. ஒவ்வொரு சுறாவின் புள்ளிக் கோலமும் வேறு, நம் கைரேகை மாதிரி. இடப்பக்கம் செவுள் பிளவுகளுக்குப் பின்னே உள்ள பகுதியைப் படமெடுத்தால், வானியலாளர்கள் நட்சத்திரப் படங்களை ஒப்பிட உருவாக்கிய கணக்குமுறையை வைத்து அது எந்தச் சுறா என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். நான்கு மீட்டர் தள்ளியிருந்தே அந்தப் படத்தை எடுக்கலாம், ஃபிளாஷ் தேவையில்லை.

போகத் திட்டமிட்டால், முன்பதிவுக்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். "சுறாவைச் சுற்றி ஏற்கெனவே படகுகள் இருந்தால் என்ன செய்வீர்கள்?" "பார்க்க முடியாமல் போனால் என்ன?" காத்திருப்போம், நெரிசல் குறையாவிட்டால் வேறு இடம் போவோம் என்று சொல்பவரிடம் போங்கள். "கண்டிப்பாகக் காட்டுவோம்" என்பவரை விட்டுவிடுங்கள். இறங்கும் காலையில் சன்ஸ்கிரீனைத் தவிர்த்து முழுக்கைச் சட்டை போடுங்கள், மேல்நீரை வடிகட்டிக் குடிக்கும் பிராணி அது. குதிக்காமல் படகோரம் உட்கார்ந்து சத்தமில்லாமல் நழுவுங்கள். முகத்துக்கு எதிரே போகாதீர்கள். அது முந்திப் போனால் விரட்டாதீர்கள்.

இப்போது நான் படகில் பேசும்போது உள்ளங்கையைச் சாய்த்து சுறா முதுகைத் திருப்புவது எப்படி என்று முதலிலேயே காட்டிவிடுகிறேன். நீரில் அதைப் பார்த்ததும் நான் முஷ்டியை உயர்த்துவேன், எல்லோரும் அப்படியே நின்றுவிட வேண்டும். போன பருவத்தில் ஒரு நாள் இறங்கி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, ஆறு மீட்டர்ச் சுறா ஒன்று எங்கள் பக்கம் சாய்ந்தது. முஷ்டியை உயர்த்தினேன். எட்டுப் பேரும் நின்றார்கள். சுறா நிமிர்ந்தது, திசை மாறவில்லை, மூழ்கவும் இல்லை. நாங்கள் படகேறி, துவட்டிக்கொண்டு, டீ குடித்து முடிக்கும் வரை அதன் துடுப்பு வெயிலில் தெரிந்துகொண்டே இருந்தது.