வெட்டரன்: மூத்த வீரரா, முன்னாள் படைவீரரா?

லத்தீனில் 'வெட்டுஸ்' என்றால் பழைய, நாள்பட்ட என்று பொருள். அதிலிருந்து பிறந்த 'வெட்டரானுஸ்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'வெட்டரன்' ஆனது. ரோமில் அது முதியவரைக் குறிக்கவில்லை. பணிக்காலத்தை முடித்து முறைப்படி விடுவிக்கப்பட்ட படைவீரரைக் குறித்தது. பேரரசர் அகஸ்டஸ் அந்தக் காலத்தை 20 ஆண்டு என்று வைத்தார். முடித்தவருக்கு 12,000 செஸ்டெர்ஸ் (ரோம நாணயம்) பரிசுத்தொகை. அதற்கென்றே கி.பி. 6-இல் படைக் கருவூலம் ஒன்று தொடங்கி, வாரிசுச் சொத்தில் 5 விழுக்காடு வரி வசூலித்தார்கள். நன்றியை வாய்ச்சொல்லோடு விடாமல் வரியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இச்சொல்லைத் தமிழாக்கும்போது அதிகம் நடக்கும் பிழை 'மூத்த வீரர்'. விளையாட்டுச் செய்தி படிப்பவருக்கு அது அனுபவமுள்ள ஆட்டக்காரர்தான். வயதையும் தவறாக உணர்த்துகிறது: பிரிட்டனில் ஒரே ஒரு நாள் படைப்பணி செய்தவரும் வெட்டரன்தான், 25 வயது இளைஞராக இருந்தாலும். 'மூத்த' என்பது மூத்த நடிகர், மூத்த பத்திரிகையாளர் என்ற இடங்களுக்குச் சரி. 'ஓய்வுபெற்ற ராணுவ வீரர்' என்பதும் முழுதாகப் பொருந்தாது. ஓய்வூதியம் பெறாமல் இடையில் விலகியவர்கள் அதில் விடுபடுகிறார்கள். பேச்சு வழக்கில் ராணுவம் என்றாலே தரைப்படைதான் என்பதால் கடற்படை, விமானப்படையினரும் விடுபடுகிறார்கள்.

'முன்னாள் படைவீரர்' என்பதே பொருத்தம். 'படை' மூன்று படைகளையும் அடக்கும், '-அர்' ஈறு பெண்களையும் சேர்க்கும். தமிழக அரசு ஆவணங்களிலும் இதே சொல்தான்.

ஒரு எச்சரிக்கை: போரில் இறந்தவர் வெட்டரன் அல்லர். அவரை 'போரில் உயிர்நீத்த படைவீரர்' என்றே எழுத வேண்டும், 'முன்னாள்' சேர்க்கக் கூடாது. பணியில் இருக்கும்போதே இறந்தவர் அவர். அமெரிக்கா இரண்டுக்கும் தனித்தனி நாள் வைத்திருக்கிறது: மே மாதக் கடைசித் திங்கள் இறந்தோர் நினைவுநாள், நவம்பர் 11 முன்னாள் படைவீரர் நாள். பின்னது முதல் உலகப் போர் ஓய்ந்த 1918 நவம்பர் 11-ஐ ஒட்டி வந்தது. 1954-இல்தான் இப்பெயர் பெற்றது. இரண்டையும் 'வீரர்கள் தினம்' என்று ஒன்றாக்கிவிட்டால் யாருக்கு நன்றி சொல்கிறோம் என்பதே குழம்பிப்போகும்.

படைவீரர்கள் காத்த மக்களைப் பற்றி எழுதும்போது வினைச்சொல்லில் கவனம் வேண்டும். இரண்டாம் உலகப் போரில், 1944 ஆகஸ்ட் 25-இல் நேச நாட்டுப் படைகள் பாரிஸைக் 'கைப்பற்றின' என்று எழுதினால், 1940-இல் ஜெர்மானியர் செய்ததும் இதுவும் ஒன்றாகிவிடுகிறது. நகரை 'விடுவித்தன' என்க. வதைமுகாமில் இருந்தவர்களுக்கு 'மீட்கப்பட்டோர்' இன்னும் பொருந்தும்; 1945 ஜனவரி 27-இல் ஆஷ்விட்சில் சோவியத் படை கண்டவர்களில் பலர் நடக்கவும் முடியாத நிலையில் இருந்தார்கள்.

விடுவிக்கப்பட்டோரின் நன்றிக்கு நெதர்லாந்தின் மார்க்ராட்டன் கல்லறைத் தோட்டம் சான்று. அங்கே சுமார் 8,300 அமெரிக்கப் படைவீரர்களின் கல்லறைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் உள்ளூரார் தத்தெடுத்து மலர் வைக்கிறார்கள். பெற்றோருக்குப் பின் பிள்ளைகள் அந்தப் பொறுப்பை ஏற்கிறார்கள். புதிதாகக் கேட்பவர்களுக்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு. 'பராமரிப்பு' என்று இதை மொழிபெயர்க்காதீர்கள். அவர்கள் சொல்வது தத்தெடுப்பு. தமிழிலும் அப்படியே இருக்கட்டும்.