குளம் தூர்வார பாதிப் பணம் நம்முடையது, பாதி அரசுடையது: வடசென்னைக்கு ‘நமக்கு நாமே’ எப்படி உதவும்?

எங்கள் கொருக்குப்பேட்டைப் பக்கம் போர்வெல் தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஒரு ராத்திரி மூடி வைத்தால், காலையில் மேலே பளபளவென்று ஒரு படலம் மிதக்கும். அடியில் செங்கல் நிறத்தில் வண்டல் படிந்திருக்கும். துணி துவைக்கக்கூட யோசிக்க வேண்டிய தண்ணீர் அது. வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்தது. 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு, 1983இல் சுமார் 9 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. மழைத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கி, உப்பை வந்த வழியே தள்ளுவதுதான் நம் கையில் இருக்கும் வழி. அதற்கு ஊரில் மிச்சமிருக்கும் குளமும் குட்டையும் தாங்கலும் வேண்டும்.

அவற்றைச் சீர்படுத்த மக்களும் அரசும் சேர்ந்து செலவு செய்யும் ஏற்பாடுதான் நமக்கு நாமே திட்டம். இது 1997-98இல் தொடங்கியது. இடையில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது. 2021-22 முதல் நகர்ப்புறங்களில் மறுபடியும் பழைய பெயரிலேயே நடக்கிறது. ஒரு பொது வேலைக்கு மக்கள் தரப்பு ஒரு பங்கு போட்டால், மீதியை அரசு போடும். பூங்கா, விளையாட்டுத் திடல், பள்ளிக் கட்டடம் போன்றவற்றுக்கு மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. நீர்நிலையைப் புனரமைக்க வேண்டுமானால் பாதி. 10 லட்ச ரூபாய் வேலை என்றால் 5 லட்சம் நாம் காட்ட வேண்டும்.

இந்தப் பாதி என்ற கணக்கைக் கேட்டதுமே நம் பகுதி ஆட்கள் எழுந்து போய்விடுகிறார்கள். மூட்டை தூக்குகிறவர்களும் மீன் விற்கிறவர்களும் வீட்டு வேலைக்குப் போகிறவர்களும் இருக்கும் தெருவில் 5 லட்சத்துக்கு எங்கே போவது? நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பணம் நம் மடியிலிருந்துதான் வர வேண்டும் என்று திட்டத்தில் இல்லை. தனி ஆள், குடியிருப்போர் சங்கம், தொண்டு நிறுவனம், தனியார் நிறுவனம் என யார் கொடுத்தாலும் அது மக்கள் பங்களிப்பு என்றே கணக்கில் வரும். பலருக்குத் தெரியாத விஷயம் இது. வடசென்னைக்கு இதுவே பெரிய வாசல்.

மணலியிலிருந்து எண்ணூர் வரை வரிசையாக எத்தனை தொழிற்சாலைகள்! 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவைப் பாருங்கள். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்ட நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எந்தெந்த வேலைக்குச் செலவிடலாம் என்ற பட்டியலில் மண், காற்று, நீர் ஆகியவற்றின் தரத்தைக் காப்பது வெளிப்படையாகவே இருக்கிறது. நிறுவனத்தின் இணையதளத்தில் சமூகப் பொறுப்புக் குழு யார் யார், என்ன வேலைக்கு ஒப்புதல் தந்திருக்கிறார்கள் என்று போட்டிருப்பார்கள். அந்தக் குழுவுக்கே எழுதுங்கள். இதைப் பிச்சை கேட்பதாக நினைத்துக் கூச வேண்டாம். நம் மண்ணிலும் தண்ணீரிலும் தொழில் செய்கிறவர்களிடம், சட்டம் ஒதுக்கச் சொல்லும் பணத்தை நம் குளத்துக்குக் கேட்கிறோம்.

சரி, எங்கே தொடங்குவது? குளம் யாருடையது என்று கண்டுபிடிப்பதில்தான். நாங்கள் பட்டபாடு இதில்தான். சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதிக் குட்டை ஒன்றைச் சங்கத்துப் பணத்தில் சுத்தம் செய்யத் தொடங்கி, ஆகாயத்தாமரையை இரண்டு நாள் வாரி வெளியே போட்டோம். மூன்றாம் நாள் ஒரு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, இது உங்கள் இடமும் இல்லை, எங்கள் இடமும் இல்லை, வேலையை நிறுத்துங்கள் என்றார். வாரிப் போட்ட செடியெல்லாம் அடுத்த மழையில் மறுபடி உள்ளேயே போய் விழுந்தது. அதனால் முதலில் சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு, அரசின் மின்சேவைத் தளத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ எந்த நிலம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று காட்டும் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். பெரிய ஏரிகளும் பக்கிங்காம் கால்வாயும் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருப்பவை. கோயில் குளம் என்றால் அறநிலையத் துறை. மாநகராட்சியின் பொறுப்பில் இருக்கும் குளம் என்றால் காரியம் சுலபம். மற்றவற்றுக்கு உரிய துறையின் இசைவு இல்லாமல் ஒரு கூடை மண்ணைக்கூட எடுக்காதீர்கள்.

அப்புறம் மண்டல அலுவலகம். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்ற மண்டலங்கள் நம் பக்கம். மண்டல அலுவலரிடமோ செயற்பொறியாளரிடமோ எழுத்துப்பூர்வமாக மனு கொடுங்கள். இந்த ஆண்டுக்கு நிதி ஒதுக்கீடு மிச்சமிருக்கிறதா என்று அங்கேயே வாய்விட்டுக் கேளுங்கள். போகும்போது பகுதி சபையின், அதாவது வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் கூட்டத்தின், தீர்மானம் கையில் இருந்தால் தனி பலம். 2022 நவம்பர் 1 முதல் சென்னையிலும் பகுதி சபைகள் கூடுகின்றன. கவுன்சிலர் இருக்கும் கூட்டத்தில் பத்துப் பெண்கள் எழுந்து குளத்தைப் பற்றிப் பேசினால், அதைக் குறிப்பில் எழுதாமல் இருக்க முடியாது. பங்களிப்புத் தொகையை மாநகராட்சிப் பெயரில் காசோலையாகவோ வரைவோலையாகவோ மட்டும் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். யார் கையிலும் ரொக்கம் வேண்டாம்.

பொறியாளர் மதிப்பீடு போடும்போது கூடவே நில்லுங்கள். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். தூர்வாருவது மட்டும் மதிப்பீட்டில் இருந்தால் காசு வீண். குளத்துக்கு உயிர் அதன் வரத்துக் கால்வாய். நம் ஊரில் அது பெரும்பாலும் மழைநீர் வடிகாலாக மாறி, ஏதோ ஒரு வீட்டுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கும். அதைத் திறக்கிற செலவும் உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கலைச் சரிசெய்கிற செலவும் மதிப்பீட்டில் ஏற வேண்டும். வடிகாலில் கழிவுநீர் கலக்கிறதா என்று வெயில் காலத்தில் போய்ப் பாருங்கள். மழையே இல்லாத நாளில் கறுப்பாகத் தண்ணீர் ஓடினால் யாரோ இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குடிநீர் வாரியத்துக்கு 1916 என்ற தொலைபேசி எண்ணிலும் மாநகராட்சிக்கு 1913 என்ற எண்ணிலும் புகார் கொடுத்து, அதை அடைத்த பிறகே குளத்தில் கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாமே காசு போட்டுச் சாக்கடைத் தொட்டி கட்டிய கதையாகிவிடும்.

அடிமண்ணையும் பாருங்கள். குளத்தின் தரையில் படியும் மெல்லிய களிமண் வண்டல் காய்ந்தால் தட்டுத்தட்டாக வெடித்திருக்கும். ஈரத்தில் கையில் எடுத்து உருட்டினால் சோப்புபோல வழுக்கும். அந்தப் பூச்சுதான் தண்ணீரைக் கீழே இறங்க விடாமல் பிடித்து நிறுத்துகிறது. அதைச் சுரண்டி எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. திருவொற்றியூர், ராயபுரம் கடலோரத்தில் கீழே மணல் இருப்பதால் தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கம் களிமண் ஆழமாகப் போகும். அங்கே களிமண்ணைத் தாண்டி மணல் வரை இறங்கும் உறிஞ்சு குழாய்க் கிணறுகளையும் மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் வார்டில் குளமே மிஞ்சவில்லை என்றால், பூங்கா இருக்கிறதா பாருங்கள். பூங்காப் பணி என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். அந்தப் பணிக்குள்ளேயே தாழ்வான மூலையில் மழைநீர் உறிஞ்சு குழிகளையும் வைக்கும்படி கேட்கலாம். வீட்டு மழைநீர் சேகரிப்புக்கு இந்தத் திட்டத்தில் பணம் கிடையாது. அது 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம், வீட்டுக்காரர் செலவு.

தூர்வாரும் வேலைக்கு ஏற்ற காலம் ஏப்ரல் முதல் ஜூன் வரை. தண்ணீர் வற்றியிருக்கும், இயந்திரம் இறங்கும். அதற்குள் ஒப்புதல் கிடைக்க ஜனவரியிலேயே மனு போயிருக்க வேண்டும். அதனால் இந்த வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், டிசம்பர் கடைசியில், குளத்தங்கரைச் சுவரில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு ஒரு பெயின்ட் கோடு போட்டு, தேதி எழுதி, போட்டோ எடுத்து மனுவோடு சேருங்கள். மார்ச்சில் அதே இடத்தில் இன்னொரு போட்டோ. பொறியாளரிடம் இரண்டையும் சேர்த்து நீட்டினால், குளம் எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு இறக்குகிறது என்ற பேச்சு அங்கிருந்தே தொடங்கும்.