‘விரிவான தேர்வு’ அன்று, துறையளாவிய தேர்வு

முதுநிலை, முனைவர் பட்ட விதிமுறைகளைத் தமிழில் தரும் கையேடுகளில் ‘காம்ப்ரிஹென்சிவ் எக்ஸாம்’ என்பதை ‘விரிவான தேர்வு’ என்றே எழுதிவருகிறார்கள். அண்மையில் ஒரு மாணவி அத்தகைய கையேட்டைக் காட்டி, “ஒவ்வொரு வினாவுக்கும் பத்துப் பக்கம் எழுத வேண்டுமா ஐயா?” என்று கேட்டார். அவருடைய குறிப்பேடு முழுவதும் நெடுவிடைகள். அவர்மீது பிழையில்லை, விரிவான விடை என்றால் நீண்ட விடை என்றுதான் பள்ளியிலிருந்தே நாம் பழகியிருக்கிறோம்.

‘காம்ப்ரிஹென்சிவ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே ‘ப்ரெஹெண்டெரே’ என்றால் பற்றுதல். ‘கொம்’ என்னும் முன்னொட்டுச் சேர ஒருசேரப் பற்றுதல் ஆயிற்று. மனத்தால் பற்றுவது புரிதல், எல்லைக்குள் பற்றுவது உள்ளடக்கல் என ஆங்கிலத்தில் பொருள் கிளைத்தது. தேர்வின் பெயரில் இருப்பது இரண்டாவது பொருள். ஆகவே ‘புரிதல் தேர்வு’ என்பதும் பொருந்தாது.

பருவத்தேர்வு ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியே முடித்துவிடுகிறது. பாடங்களெல்லாம் முடிந்தபின், அவற்றை ஒன்றோடொன்று இணைத்துத் துறை முழுவதிலும் நின்று பேச முடிகிறதா என்று எழுத்தாலோ வாய்மொழியாலோ இரண்டாலுமோ சோதிப்பதே இத்தேர்வு. முனைவர் பட்டத்தில் இது பெரும்பாலும் ஆய்வேட்டுப் பணிக்கு முன்னால் வரும். முதுநிலையில் சில துறைகள் ஆய்வேட்டுக்கு மாற்றாகவே இதை ஏற்கின்றன.

இங்கே விரிப்பதற்கு என்ன இருக்கிறது? விரித்தல் என்பது சுருங்கியிருப்பதைப் பரப்புவது. இத்தேர்வு கேட்பதோ பரந்து கிடப்பதைத் திரட்டுவது. தொல்காப்பிய மரபியல், முதல்நூலைப் பின்பற்றி எழும் வழிநூலின் வகைகளைச் சொல்லும்போது தொகுத்தலையும் விரித்தலையும் வெவ்வேறாக வைத்து, அவற்றோடு மொழிபெயர்த்தலையும் சொல்கிறது. அந்த வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர்களே மறப்பது வருத்தமளிக்கிறது. ‘முழுமையான தேர்வு’ என்பாரும் உளர். அப்படியானால் மற்றத் தேர்வுகள் அரைகுறையா? ‘ஒட்டுமொத்தத் தேர்வு’ மதிப்பெண் கூட்டலை நினைவூட்டுகிறது. ‘தகுதித் தேர்வு’ என்பது சேர்க்கைக்கும் வேலைக்கும் நடக்கும் தேர்வுகளின் பெயராக நிலைத்துவிட்டதால் மேலும் குழப்பும்.

உலகளாவிய, வானளாவிய என்னும் சொற்களை எல்லாரும் அன்றாடம் ஆள்கிறோம். அந்த வழியில் ‘துறையளாவிய தேர்வு’ என்றால் சொல்லே பொருளைச் சொல்லிவிடும். எதை அளாவுகிறது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த ‘எதை’ என்னும் கேள்வியைக் கேளாமல், அகராதியில் கண்ட முதற்சொல்லோடு ‘ஆன’ சேர்த்து ஒட்டிவிடும் வழக்கம்தான் வாகனக் காப்பீட்டிலும் ‘விரிவான காப்பீடு’ என்று வந்து நிற்கிறது. அங்கும் விரிவது ஒன்றுமில்லை; பிறருக்கு நேரும் இழப்போடு சொந்த வண்டியின் சேதமும் திருட்டும் அடங்குகின்றன, அவ்வளவே.

கையேட்டில் இப்படி எழுதலாம்: ‘பாடங்களை முடித்தவர், ஆய்வேட்டைத் தொடங்குமுன் துறையளாவிய தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும்.’ ஆய்வேட்டை அளித்தபின் நடக்கும் வாய்மொழித் தேர்வு இதனின் வேறு. அதற்கு அப்பெயரே போதும்.