வாட்ச் சொன்னது என்று எடையைக் கூட்டாதீர்கள்

இடுப்பு வலியோடு என்னிடம் வந்தவர், கட்டிலில் குப்புறப் படுத்தபடியே கையை நீட்டி வாட்சைக் காட்டினார். "பாருங்க சார், ஸ்குவாட் பண்றப்போ ஹார்ட் ரேட் 108தான். எடை பத்தலைன்னு நினைச்சேன்." தோளில் பாரை, அதாவது எடை கோத்த இரும்புக் கம்பியை, வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சி அது. பக்கத்துக்கு ஒரு ப்ளேட் கூடுதலாகப் போட்டிருக்கிறார். மூன்றாவது ரெப்பில், அதாவது மூன்றாவது முறை தூக்கும்போது, இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஃபிசியோதெரபிஸ்ட்டாக இந்தக் கதையை நான் அடிக்கடி கேட்கிறேன். வாட்சின் அடியில் மினுங்கும் பச்சை வெளிச்சம் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதைத்தான் பார்க்கிறது. நடைக்கும் சீரான ஓட்டத்துக்கும் ஓரளவு சரி. பாரை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு புடைக்கும், வாட்ச் நகரும், கணக்கு தடுமாறும். மார்பில் கட்டும் பட்டை இதைவிடத் துல்லியம்தான். ஆனால் ஐந்து ரெப்பைத் தொடர்ந்து செய்யும் ஒரு செட் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். துடிப்பு ஏறி வருவதற்குள் பார் ஸ்டாண்டுக்குப் போயிருக்கும். தசை எவ்வளவு சிரமப்பட்டது என்பது அதில் தெரியாது.

அது தெரிவது பாரின் வேகத்தில். எடை கூடக் கூட, முழு மூச்சாகத் தள்ளினாலும் பார் மெதுவாகத்தான் எழும். ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற எடையில் ஸ்குவாட்டின் சராசரி வேகம் விநாடிக்கு சுமார் 0.3 மீட்டர், மல்லாந்து படுத்துத் தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் இன்னும் குறைவு, 0.17 அளவில். செட்டுக்குள்ளும் இதே கதைதான். முதல் ரெப் 0.70 என்றால், 0.56-க்கு இறங்கும்போது 20 சதவீதம் போய்விட்டது. வலிமைக்காகச் செய்பவரை நான் அங்கேயே நிறுத்தச் சொல்வேன்.

பாரில் நூலைக் கோத்து மாட்டும் கருவி வேகத்தை நேரடியாக அளக்கும், விலைதான் அதிகம். பாரிலோ கையிலோ மாட்டும் சிறிய சென்சார் முடுக்கத்தைக் கூட்டிக் கூட்டி வேகத்தைக் கணக்கிடுகிறது. சின்னப் பிழையும் சேர்ந்துகொண்டே போகும், மெதுவான ரெப்பில் இன்னும் மோசம். அதனால் நண்பரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அதே கருவி, அதே இடம், போன வாரத்து நீங்கள், அவ்வளவுதான். சோம்பலாகத் தள்ளிய ரெப்பின் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

அப்புறம், முதுகு வளைவதை இவை எதுவும் சொல்லாது. மூச்சை அடக்கும்போது ஏறும் ரத்த அழுத்தத்தையும் சொல்லாது. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் கனமான எடையைத் தொடும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இடுப்பு பிடித்துக்கொண்ட அவர் இப்போது பாரில் சென்சார் மாட்டிக்கொள்கிறார். போன வாரம் வார்ம்-அப்பில் 40 கிலோவே வழக்கத்தைவிட மெதுவாக எழுந்தது. கேட்டதற்கு, ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்தே வந்தாராம். ஆளுக்கொரு பக்கமாக நின்று ப்ளேட்டைக் கழற்றினோம்.