சொல் விளக்கம்: கட்டற்ற எலக்ட்ரான் லேசர்

‘ஃப்ரீ எலக்ட்ரான் லேசர்’ என்பதைச் ‘சுதந்திர எலக்ட்ரான் லேசர்’ என்று பெயர்த்து எழுதுவோர் உண்டு. ஆனால் இங்கே விடுதலை என்பது அணுவின் பிடியிலிருந்து விலகியிருப்பதை மட்டுமே குறிக்கிறது. வழக்கமான லேசரில் எலக்ட்ரான் அணுவுக்குள் கட்டுண்டு, அதற்குரிய ஆற்றல் படிகளுக்கிடையே இறங்கும்போது ஒளி பிறப்பதால், அலைநீளத்தை அந்தப் படிகளே தீர்மானித்துவிடுகின்றன. இந்த வகையிலோ, ஒளியின் வேகத்தை நெருங்கிய எலக்ட்ரான் கற்றை, வடமுனையும் தென்முனையும் மாறிமாறி அமைந்த காந்த வரிசையினூடே நெளிந்து செல்லும்போது ஒளியை உமிழ்கிறது. கற்றையின் ஆற்றலையோ காந்தப்புலத்தையோ மாற்றினால் அலைநீளமும் மாறும். ஆகவே, கட்டற்ற மென்பொருள் என்னும் வழக்கால் ஏற்கெனவே பழகிய ‘கட்டற்ற’ என்பதே பொருந்தும்.

பெயரை நிலைநாட்டியவர் அமெரிக்க இயற்பியலாளர் ஜான் மேடி. அவர் இக்கருத்தை 1971இல் வெளியிட்டார். ஸ்டான்ஃபோர்டில் அவருடைய குழு 1977இல் 3.4 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைப் பெற்றது. அதற்கு முன்பே அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஃபிலிப்ஸ் நுண்ணலைப் பகுதியில் இதே நெளிவைப் பயன்படுத்தி உருவாக்கிய கருவிக்கு ‘யுபிட்ரான்’ என்று பெயர். அங்கே லேசர் என்ற பேச்சே இல்லை. வழக்கமான லேசரை விளக்கக் குவாண்டம் கொள்கை தேவை, கட்டற்ற எலக்ட்ரான் லேசரின் செயல்பாட்டில் பெரும்பகுதியை அது இன்றியே விளக்கிவிடலாம் என்பதால், ‘லேசர்’ என்ற பின்னொட்டு வரலாற்றுக் காரணத்தால் ஒட்டிக்கொண்டது என்பதே என் கருத்து.

மிகுந்த வாட் அளவில் ஒளி தருவதைக் குறிக்கும் ‘உயர்திறன்’ (ஹை பவர்) என்ற அடைமொழி சேரும்போதுதான் கற்றையின் நடத்தை முதன்மை பெறுகிறது. கற்றையின் ஆற்றலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே ஒளியாக மாறுகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள ஜெஃபர்சன் ஆய்வகம் 1999இல் 3.1 மைக்ரோமீட்டரில் 1.7 கிலோவாட் ஒளியைப் பெற்றபோது, கற்றை சுமந்த திறன் 200 கிலோவாட்டுக்கு மேல். மிச்சத்தை வீணாக்காமல், ஒளி தந்த கற்றையையே மீண்டும் மீகடத்து (மின்தடையற்ற) முடுக்கிக்குள் எதிர்க்கட்டத்தில், அதாவது முடுக்கும் அலை அதன் வேகத்தைத் தணிக்கும் வகையில் செலுத்தி, அதன் ஆற்றலைத் திரும்பப் பெற்று, அடுத்த எலக்ட்ரான் கொத்துகளை முடுக்கப் பயன்படுத்தினார்கள். இதற்கு ‘ஆற்றல் மீட்பு’ என்று பெயர். இங்கேதான் சிக்கல் முளைக்கிறது: ஒளியைத் தந்த எலக்ட்ரான்களுள் சில அதிகமாகவும் சில குறைவாகவும் ஆற்றல் இழந்திருப்பதால் கற்றையின் ஆற்றல் சிதறல் பெருகுகிறது, கற்றையின் ஆற்றலை இறக்கும் வழியிலேயே அச்சிதறலைச் சுருக்காவிட்டால், சுமார் 10 மெகா எலக்ட்ரான்வோல்ட் (துகள் ஆற்றலின் அலகு) அளவுக்குக் கீழிறங்கிய கற்றையில் அதன் விகிதம் பன்மடங்காகி, எலக்ட்ரான்கள் குழாய்ச் சுவரில் மோதும். கற்றையின் மின்னோட்டம் மிகுந்தால், முடுக்கிக் குழிகளில் எழும் தேவையற்ற அலைவுகள் கற்றையைப் பக்கவாட்டில் உதைத்துக் குலைப்பதும் உண்டு. இவற்றைக் கடந்து அதே ஆய்வகம் 2004இல் 10 கிலோவாட்டையும், 2006இல் 1.6 மைக்ரோமீட்டரில் 14 கிலோவாட்டையும் எட்டியது. அந்த அளவில், ஒளியை முன்னும் பின்னும் திருப்பிப் பெருக்க உதவும் கண்ணாடிகள் சூடேறி உருமாறுவதும் ஒரு தடையாகிவிடுகிறது.

தமிழில் எலக்ட்ரானை எதிர்மின்னி என்றும், லேசரைச் சீரொளி என்றும் எழுதலாம். ‘கட்டற்ற எதிர்மின்னிச் சீரொளி’ செம்மையான வடிவம், ‘கட்டற்ற எலக்ட்ரான் லேசர்’ வாசகருக்கு உடனே விளங்கும் வடிவம். நெளிய வைக்கும் காந்த வரிசையாகிய ‘அண்டுலேட்டரை’ நெளிவூட்டி எனலாம். ‘உயர்திறன்’ என்பதில் மட்டும் எச்சரிக்கை தேவை: தமிழகத்தில் ‘திறன்’ என்பது வாட்டில் அளக்கும் அளவையும், ‘செயல்திறன்’ என்பது கருவி எவ்வளவு நன்றாக இயங்குகிறது என்பதையும் குறிக்க, இலங்கைப் பாடநூல்களில் முன்னதற்கு ‘வலு’ என்றே பெயர் இருப்பதால், அங்கே இதை ‘உயர்வலுக் கட்டற்ற இலத்திரன் இலேசர்’ என்று எழுதினால் இக்குழப்பம் எழாது.