டிரான்ஸ்பார்மருக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து போன லைன் பணியாளர்களோடு நானும் போயிருந்தேன். மூன்றாவது வாரம் ஒருநாள், வயல் நடுவே நின்ற, 63 கேவிஏ திறனுள்ள ஒரு டிரான்ஸ்பார்மருக்கு வரும் 11,000 வோல்ட் லைனில் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் இருந்த, லைனைத் துண்டிக்கிற ஏபி சுவிட்ச் புயலில் வளைந்து, மூடியபடியே மாட்டிக்கொண்டிருந்தது. அதனால் லைன் பிரிகிற இடத்தில் இருந்த சுவிட்சைத் திறந்து பூட்டினோம். சப்ஸ்டேஷனில் லைன் கிளியரும், அதாவது லைனில் வேலை செய்வதற்கான அனுமதியும், வாங்கியாயிற்று. கம்பியில் கரண்ட் இருக்க வழியே இல்லை என்றுதான் நினைத்தேன்.

"எர்த் ராடு மாட்டிட்டு ஏறலாம் சார்" என்றார் மூத்த லைன்மேன். கம்பியைத் தரையோடு இணைக்கிற கொக்கிக் கம்பு அது. பொழுது சாய்ந்துகொண்டிருந்ததால் எனக்கு அவசரம். "ரெண்டே நிமிஷம் சார்" என்றபடி முதல் கம்பியில் கொக்கியை மாட்டினார். 'சர்ர்' என்று ஒரு சின்னச் சத்தம். பாதிப் பேர் காதில் விழவே இல்லை. இரண்டாவது கம்பியைத் தொட்டதும் நீலமாக ஒரு வெளிச்சம் பளீரென்று அடித்தது. அதே நொடியில், விழுந்து கிடந்த தென்னந்தோப்புக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு ஜெனரேட்டர் முக்கி முனகி நின்றது.

சத்தம் வந்த திசையில் நடந்தோம். ஒரு ஓட்டு வீடு. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகைக்கு எடுத்த 2 கேவிஏ ஜெனரேட்டர் வாசலில் இருந்தது. இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு வயர்: ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை அடுப்படியில் இருந்த 15 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில். "மெயினை ஆஃப் பண்ணச் சொன்னேனே தம்பி, பையன் மறந்துட்டான் போலருக்கு" என்றார் வீட்டுக்காரப் பெரியவர். நடந்ததைச் சொன்னதும் அவர் கை நடுங்க ஆரம்பித்தது.

வீட்டு ஜெனரேட்டர் கொடுப்பது 230 வோல்ட். மெயின் ஆஃப் ஆகாததால், அது வீட்டு வயரிங் வழியே வெளி லைனுக்கு ஏறி டிரான்ஸ்பார்மருக்குப் போய்விட்டது. அது கம்பத்து உச்சியில் எப்படி உயிரைப் பறிக்கும் அழுத்தமாக மாறியது? அதற்கு டிரான்ஸ்பார்மரின் உள்ளே பார்க்க வேண்டும்.

எண்ணெய்த் தொட்டிக்குள் மெல்லிய சிலிக்கான் எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்த ஒரு கட்டை இருக்கும். அதைச் சுற்றி, ஒன்றையொன்று தொடாத இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றில் மாறுமின்சாரம் பாய்ந்தால் எஃகுக் கட்டையில் காந்தப்புலம் விநாடிக்கு 100 முறை திசை மாறி மாறி எழுகிறது. அந்த மாற்றம் மற்ற சுருளில் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. மைக்கேல் பாரடே 1831-இல் லண்டனில் ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றிக் கண்டறிந்த விஷயம் இது. நாம் அருகில் நிற்கும்போது கேட்கிற 'ம்ம்ம்' என்ற ரீங்காரம், அந்தக் காந்தப்புலத்தில் எஃகுத் தகடுகள் நுணுக்கமாக நீண்டு சுருங்குவதால் வருவது.

எந்தச் சுருளில் எத்தனை சுற்று என்பதுதான் கணக்கு. நம் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் மேல் அழுத்தச் சுருளுக்கும் கீழ் அழுத்தச் சுருளுக்கும் விகிதம் கிட்டத்தட்ட 44-க்கு 1. 11,000 வோல்ட் உள்ளே போனால், வீட்டுக்கு 250 வோல்ட் அளவில் இறங்கி வருகிறது. இவ்வளவு உயர்ந்த அழுத்தத்தில் கொண்டுவந்து இறக்குவதற்குக் காரணம் உண்டு. 100 கேவிஏ மின்சாரத்தை, கீழ் அழுத்தப் பக்கத்தின் மூன்று கம்பிகளுக்கு இடையே இருக்கும் 433 வோல்ட்டிலேயே அனுப்பினால் கம்பியில் 133 ஆம்பியர் ஓடும். 11,000 வோல்ட்டில் 5 ஆம்பியர் சொச்சம்தான். கம்பி சூடாகி வீணாகும் மின்சாரம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அந்த இழப்பு 600 மடங்குக்கு மேல் குறைகிறது. டிரான்ஸ்பார்மர் இல்லாமல் தொலைதூர மின் நிலையத்திலிருந்து உங்கள் வீட்டு விளக்குக்கு மின்சாரம் வர முடியாது.

ஆனால் அதற்குள் அசையும் பாகமோ வால்வோ கிடையாது. எந்தச் சுருளில் மின்சாரம் கொடுத்தாலும் மற்றதில் வரும். கீழே 230 கொடுத்தால் மேலே 44 மடங்கு: 10,000 வோல்ட்டுக்கு மேல். இரண்டு கேவிஏ ஜெனரேட்டர் அந்த அழுத்தத்தில் 200 மில்லி ஆம்பியர் கொடுக்கும். ஆளைக் காப்பாற்ற வீட்டில் மாட்டுகிற ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கட் ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

"அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் அந்த லைனில்தானே இருக்கு, ஜெனரேட்டர் லோடு தாங்காமல் உடனே நின்றுவிடாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. நகரத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். அதை நம்பித்தான் பலர் தைரியமாக இருக்கிறார்கள். வயல் டிரான்ஸ்பார்மரில் கதை வேறு. அதில் இருப்பவை பெரும்பாலும் பம்ப்செட்டுகள். கரண்ட் போனதுமே ஸ்டார்ட்டரில் உள்ள நோ-வோல்ட் காயில் மோட்டாரைக் கழற்றிவிடும். ஆகவே அந்த லைனில் லோடு அநேகமாக இல்லை. சின்ன ஜெனரேட்டர் சுகமாக ஓடும். அன்று எங்களுக்கு நடந்தது அதுதான்.

மெயினை ஆஃப் செய்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். இருட்டில், மழையில், வீட்டில் நாலு பேர் இருக்கும்போது யாராவது ஒருவர் மறப்பார்கள். ஜெனரேட்டருக்கு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வேண்டும்: கைப்பிடி ஒரு பக்கம் இருந்தால் மின் வாரியக் கரண்ட், மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. கரண்ட் வருகிற பேஸ் கம்பி மட்டும் மாறினால் பற்றாது, அது திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பியும் சேர்ந்து மாற வேண்டும். ஒரு சாமானுக்கு மட்டும்தான் கரண்ட் தேவையென்றால், அதை நேரே ஜெனரேட்டரில் செருகுங்கள். சுவரைத் தொட வேண்டாம். இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரை எந்த எலக்ட்ரீஷியன் செய்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதன் ஒரு முனை செருகியிருக்கும்போது மறுமுனையின் பின்கள் கரண்டோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். லைன்மேனுக்கு முன்னால் உங்கள் வீட்டுப் பிள்ளைதான் அதைத் தொடும்.

மாடியில் சோலார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லைனோடு இணைந்த சோலார் இன்வெர்ட்டர், வெளிக் கரண்ட் போனதும் தானாகவே நின்றுவிடும்படி செய்யப்பட்டது. 'வெயில் அடிக்குது, ஏன் வேலை செய்யலை' என்று அதில் கை வைக்கச் சொல்லாதீர்கள்.

அந்த ஓட்டு வீட்டில் அன்றே வயரை வெட்டிப் போட்டோம். இரண்டு வாரம் கழித்துப் பெரியவர் போன் செய்து, சேஞ்ச் ஓவர் மாட்டியாச்சு என்றார். நியூட்ரலும் மாறுகிறதா என்று கேட்டேன். "இரு தம்பி" என்று போனை வைக்காமல் யாரையோ கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "ரெண்டு கம்பியும்தான் மாறுது, எலக்ட்ரீஷியன் இங்கதான் நிக்கிறான், கேக்குறியா?" என்றார்.